வேப்பிலை கட்டாத கல்யாண வீடு

தலைமை ஏற்றிருக்கும் குமரப்பன் அவர்களே, சுகாதார நிலையத்து டாக்டர் அம்மா அவர்களே, மானகிரிப் பெரியோர்களே, வயசுப் பிள்ளைகளே, பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

அம்மை குத்தும் அலுவலர் செம்மலை அவர்கள் போன புதன்கிழமை காலமானார். காலையில் போன உயிர். சாயங்காலம் வரை யாரும் தேடவில்லை. யார் தேடுவார்? அவர் வராவிட்டால் அப்பாடா என்று கதவைத் திறந்து வைக்கிற ஊர் இது. பதினான்கு வருஷம் நமக்காகச் சைக்கிள் மிதித்தவர், கடைசி எட்டு வருஷம் இங்கே ஒரு வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அழகியைச் சாக விட்டவர் என்று அவர்மேல் பேச்சு. அழகி என் தங்கை. கருத்தையா வாத்தியார் நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

அறுபத்தொன்றாம் வருஷம், தை மாதம். அழகிக்கு வயது பத்தொன்பது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செம்மலை வந்தார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மை குத்தினால் கையில் கொப்புளம் வரும். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று வாசலில் வேப்பிலை கட்டுவோம். வேப்பிலை கட்டின வீட்டில் தாளிப்பு கிடையாது, மேளம் கிடையாது. கல்யாணம் நின்றுபோகும். அவளுக்குக் கைக்குழந்தையிலேயே குத்தியாயிற்று, அது போதும் என்றேன்.

"அது இத்தனை வருசம் தாங்காது வாத்தியாரய்யா. வயசுப் பிள்ளைகளுக்கு மறுபடி குத்தணும். நாலூருச் சனம் வரப்போற வீடு. நீங்களே இப்புடிச் சொல்லுறீகளே, மத்தவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

நான் விடவில்லை. குத்தினதாக எழுதிக்கொள்ளுங்கள், கல்யாணம் முடிந்ததும் குத்திக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். கடைசியில் எழுதினார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

கல்யாணக் கூட்டத்தில் யார் கொண்டுவந்தார்களோ, மாசியில் அழகிக்கு அம்மை கண்டது. பதினொன்றாம் நாள் போய்விட்டாள்.

மேலதிகாரி வந்து, குத்தாமல் ஏன் எழுதினாய் என்று ஊர் நடுவில் வைத்துக் கேட்டார். "என் சோம்பேறித்தனந்தான்யா," என்றார் செம்மலை. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்புறமும் இதே ஊருக்குத்தான் வந்தார். வழியில் பார்த்தால், "சௌக்கியமா இருக்கீகளா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவேன். எட்டு வருஷம், அய்யா! எனக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளே, சின்ன வயதுத் தழும்பைக் காட்டித் தப்பிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சுகாதார நிலையத்துக்குப் போங்கள், டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள், சைக்கிளில் வருகிறவரை நிறுத்திக் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள். வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள்.

என் மகள் முத்தழகிக்கு இன்னும் பத்து நாளில் கல்யாணம். பத்திரிகை உங்கள் வீட்டுக்கெல்லாம் வந்திருக்கும். நாளைக் காலையில் டாக்டர் அம்மா வந்து அவள் கையில் அம்மை குத்துகிறார். வாசலில் வேப்பிலை கட்டப்போகிறவன் நான்தான். கல்யாணம் நிற்காது. மேளம் கூடாது என்றால் மேளம் இல்லாமலே தாலி ஏறட்டும். செம்மலை விட்டுப்போன வேலையை என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

வேப்பிலை கட்டின வீடு என்று நீங்கள் யாரும் வராமல் போகலாம். ஆளில்லாத பந்தலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் எட்டு வருஷம் இந்த ஊரில் அப்படித் தனியாக உட்கார்ந்திருந்தாரே.