நாளைக்கு வாரேன்

விடியக்காலம் நாலரை மணி. பழையகாயல் போகிற ரோட்டை விட்டு இறங்கி, உப்பளத்துக்குள் போகிற மண்பாதை. விளக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்தி... பாத்தி நிறைய அசையாத தண்ணீர்... அதற்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். வேறு சத்தம் இல்லை.

அந்தப் பாதையில் ஒரு பொம்பிளை தனியாக ஸ்கூட்டரில் போகிறாள். காலுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு பெட்டி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது யாரோ எவரோ சொன்ன கதை இல்லை. நம்ம நேசக்குமாருடைய பெரியம்மா மகள் சண்முகவடிவுக்கு, எங்களுக்கெல்லாம் வடிவக்காவுக்கு, நடந்தது. மில்லர்புரத்தில் வீடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. நேசக்குமாரிடம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான், அதனால் நான் சொல்கிறேன்.

பெட்டிக்குள் ஐஸ். ஐஸுக்கு நடுவில் நாய்க்கடி ஊசி மருந்து. ஊசியைத் தேடி வரவேண்டியவள் வரவில்லை. டாக்டரிடம் மன்றாடி அனுமதி வாங்கி, ஊசியே அவளைத் தேடிப் போகிறது. அவள் பேர் பேச்சித்தாய். உப்பளத்தில் வேலை. புருஷன் மந்திரமூர்த்தி செத்துக் காரியம் முடிந்து இன்னும் ஈரம் காயவில்லை.

அவன் செத்த விதத்தைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

உப்பளத்து ஆட்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? சிப்பி கிழிக்கும், ஆணி குத்தும். மருந்து தேடிப் போக மாட்டார்கள். காலைப் பாத்தித் தண்ணீரில் முக்கிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். கருவாடே கெடாமல் கிடக்கிற உப்பில் கிருமி எங்கே நிற்கும் என்பது அவர்கள் கேள்வி. நமக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் நாய்ப்பல் ஆணி இல்லையே...

டீக்கடை ஓரத்தில் ஒரு குட்டி நாய். மந்திரமூர்த்தி பன்னைப் பிய்த்துப் போட்டான். அது பன்னை விட்டுவிட்டு மணிக்கட்டைக் கவ்வியது. பேச்சித்தாய் ஓடி வந்து பிடித்து இழுத்தாள். அவள் விரலிலும் பல் பட்டது. இரண்டு பேரும் பாத்தித் தண்ணீரில் கையை முக்கினார்கள். வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். குட்டி நாய்க்கு ஏது வெறி?

வடிவக்காவுக்கு இது தெரிந்தது தற்செயலாக. அவன் தலைவலி மாத்திரை வாங்க வந்தவன், கைத் தழும்பைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா பிடித்து உலுக்கிவிட்டாள். கழுவினது சரி, கழுவினால் மட்டும் தீராது, அந்த விஷம் நரம்பு வழியாக ஊர்ந்து மூளைக்குப் போகும், போய்ச் சேர்ந்துவிட்டால் சாமியே வந்தாலும் காப்பாற்ற முடியாது, அதற்கு முன்னால் ஊசி போட்டுவிட வேண்டும். இத்தனையும் சொன்னாள். தொப்புளைச் சுற்றிப் போடுகிற காலமெல்லாம் மலையேறிப் போச்சு, கையில்தான் என்றாள். அவன் தலையைத் தலையை ஆட்டினான்.

"இன்னைக்கு லோடு இருக்கு. நாளைக்கு வாரேன் அக்கா."

அதற்கப்புறம் மாசக்கணக்காக, ரோட்டில் எங்கே பார்த்தாலும், அக்கா ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்னாலேயே அவன் கையைத் தூக்கிவிடுவான். "நாளைக்கு வாரேன் அக்கா." எத்தனை நாளைக்கு... அக்காவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் காலையில் அவனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. சொம்பைத் தூக்கினாலே தொண்டை இழுத்துக்கொண்டது. களக்... களக்... என்று ஒரு சத்தம், விழுங்கப் போகிற சத்தம், விழுங்காத சத்தம். ஃபேன் காற்று பட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அலறினான். அளத்து ஆட்களின் குடியிருப்பில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உப்புத் தண்ணீர்க் கிணற்றில் முன்பு ஒருத்தி விழுந்து செத்தாள் அல்லவா, அவள்தான் பிடித்திருக்கிறாள் என்று. பேய் ஓட்டுகிற கோடாங்கியைக் கூப்பிட்டு வேப்பிலையால் அடித்தார்கள். தாகத்தில் சாகிறவனை அடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரி. அங்கே அவன் துடிப்பது அடங்க ஓர் ஊசி போட்டார்கள். அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்தான்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? ஊசி போட்டார்கள், அதனால் செத்தான்!

வடிவக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய்க் கத்தினாள். அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். பேச்சித்தாய் மட்டும் கதவைச் சாத்தவில்லை. வாசலில் நின்று விரலைக் காட்டி, தான் அவரைவிட ரொம்ப நேரம் உப்புத் தண்ணியில் கையை வைத்திருந்ததாகச் சொன்னாள். தனக்கு ஒன்றும் வராது என்றாள். அதே நாய், அதே பல். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: அறிகுறி காட்டாதவரை நேரம் இருக்கிறது, காட்டிவிட்டால் இல்லை. அது இன்றைக்கா நாளைக்கா என்று யாருக்குத் தெரியும்? அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. பகலில் போனால் பேச்சித்தாய் அளத்தில் இருப்பாள். அதனால்தான் விடியக்காலம் நாலரை மணி... மண்பாதை...

ஸ்கூட்டர் வெளிச்சம் ஓர் உப்புக் குவியல் மேல் பட்டது. குவியலுக்குப் பக்கத்தில் ஒருத்தன்.

வேலைக்கு வந்த ஆள் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். கிட்டே போகப் போக ஸ்கூட்டரின் வேகம் தானாகக் குறைந்தது. அவன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தான். கை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காற்று ஒரு வீசு வீசியது. அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து... களக்... களக்...

பிறகு கையைத் தூக்கினான். ரோட்டில் தூக்குவானே, அதே மாதிரி.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விழுந்திருப்பார்கள். வடிவக்காவுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இத்தனை மாத ஆத்திரம் அவளுக்கு.

"வழிய விடுலே. அவளையாவது பொழைக்க விடு."

முறுக்கினாள் வண்டியை. அவனைத் தாண்டிவிட்டாள். தாண்டின மறு நிமிஷம் ஸ்கூட்டரின் பின்பக்கம் அமுங்கியது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. முதுகுப் பக்கம் ஈரச் சாக்கு நாற்றம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே குடியிருப்பு வரை ஓட்டினாள்.

பேச்சித்தாய் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். அக்காவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அக்காவின் தோளுக்கு மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். கையிலிருந்த தூக்குவாளி கீழே விழுந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த உப்புக் கூடைமேல் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"போடுங்க அக்கா. அவுக நிக்காக."

முதல் ஊசி அப்படித்தான் விழுந்தது.

அடுத்த ஊசிகளுக்குப் பேச்சித்தாய் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெஞ்சில் ஓரமாக உட்காருவாள், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் எழுந்து போன பிறகு பெஞ்சு ஈரமாக இருக்கும், காய்ந்தால் வெள்ளையாக நிற்கும். கூட்டுகிற எமில்டா, "இங்கன யாரு வந்து உப்பக் கொட்டுதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பாள்.

கடைசி ஊசி போட்ட அன்று அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பேச்சித்தாய் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் தொண்டை ஏறி இறங்குவதை அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாடா. ஒரு உசிராவது தப்பியது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், குடியிருப்பில் இன்றுவரைக்கும் சொல்வது, கோடாங்கி கட்டின கயிறுதான் பேச்சித்தாயைக் காப்பாற்றியது என்று. போன வாரம்கூட அங்கே ஒரு பிள்ளையை நாய் கடித்து, பாத்தித் தண்ணீரில் முக்கிவிட்டு வீட்டில் வைத்திருந்தார்களாம். அக்கா போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். இவர்களை என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

அது கிடக்கட்டும். அந்தக் கடைசி ஊசி நாளுக்கு வருகிறேன்.

பேச்சித்தாய் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். ஊசி அறையில் வேறு யாரும் இல்லை. அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். கூரை ஃபேன் தானாக நின்றது. ஈரச் சாக்கு நாற்றம் வந்தது. பின்னால் ஸ்டூல் இழுபடுகிற சத்தம்... யாரோ உட்காருகிற சத்தம்... சட்டைக் கையைச் சுருட்டுகிற சத்தம்...

களக்.

"நாளைக்கு வாரேன்னு சொன்னேம்லா அக்கா. வந்துட்டேன்."

அக்கா திரும்பவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதாள்.

"இப்ப வந்து நான் என்னலே செய்ய?"

ஃபேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தபோது எமில்டா வாளியோடு உள்ளே வந்தாள். மேஜையைத் துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊசி போடுகிறவர்கள் கையை நீட்டி வைக்கிற இடத்தில் உப்புப் படிந்திருந்தது. முழங்கை, முன்கை, ஐந்து விரல், எல்லாம் அச்சாக. மணிக்கட்டில் மட்டும் இரண்டு இடத்தில், பல் அளவுக்கு, உப்பு ஒட்டவே இல்லை.