கஸோப்ராக்கின் மூன்றாம் தொட்டி

எங்கள் கஸோப்ராக் ஒயினைப் புட்டி திறந்த கையோடு குடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவசரப்பட்டுவிட்டார்களே என்று சின்ன வருத்தம், அவ்வளவுதான். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, சாப்பாட்டு நேரம்வரை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். முதலில் இறுக்கமாக இருக்கும், பிறகு தானே இளகிவிடும். நீங்களும் போர்தோ ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியாததில்லை, அம்மா. நீதிபதியிடம் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று வக்கீல் சொன்னார். எனக்கு அது வராது.

எட்டுத் தலைமுறையாக ஜிரோந்த் ஆற்றங்கரையில் இந்தக் கஸோப்ராக் திராட்சைத் தோட்டம் எங்களுடையது. அப்பா முதுமையில் ஒதுங்கிக்கொண்ட பிறகு நிர்வாகம் என் தம்பி எக்தோர் கைக்கு வந்தது. ஒயினைச் செய்தவர் என் கணவர் பஸ்தியான். புட்டியில் அவர் பெயர் கிடையாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

அந்த ஆண்டு அறுவடை முடிந்து, மூன்றாம் தொட்டியிலிருந்து ஒயினை வடித்தாயிற்று. அடியில் திராட்சைச் சக்கை மட்டும். அதை வாரியெடுக்க ஓர் ஆள் ஏணி வைத்து உள்ளே இறங்க வேண்டும். புளித்த சக்கையிலிருந்து கரியமில வாயு கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆள் மேலே வரும்வரை விசிறி ஓடும். எங்கள் பழைய விசிறி மேடேறும் லாரிபோல இரைச்சல் போடும். அன்று பக்கத்துக் கூடத்தில் லண்டன் வியாபாரிகளுக்கு விருந்து. எக்தோர் கழுத்தில் செருகிய துண்டோடு எழுந்து வந்து விசிறியை நிறுத்தினான்.

"உள்ள பஸ்தியான் இருக்காருடா," என்றேன்.

"கொஞ்ச நேரந்தான். அவங்க பேசறது ஒண்ணும் காதுல விழல."

நான் பாலாடைக்கட்டித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அதில் நான் செய்த தப்பு எதுவும் இல்லை. விசிறியை நிறுத்தியது அவன் கை.

பஸ்தியானைக் கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள். போலீஸ் வந்தபோது எக்தோர் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் போட்டுட்டுத்தான் இறங்கியிருப்பார் போல. விசிறியைப் போடக்கூட மறந்துட்டார்," என்றான். வேலை நாளில் ருசி பார்த்த ஒயினைக்கூடத் துப்பிவிடுகிற மனுஷர் அவர். நான் வாயைத் திறந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஒடீல், புட்டி மேல இருக்கறது நம்ம பேரு," என்றார். மூடிக்கொண்டேன். போயாக் சந்தையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் குடிகாரன் பெண்டாட்டிக்குச் சொல்லும் ஆறுதலைச் சொன்னார்கள்.

அந்தச் சக்கையைக் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவரை அடக்கம் செய்த மறுநாள் பிழிந்தார்கள். கறுப்பாக, கனமாக வந்தது. எக்தோர் அதை முதல் தர ஒயினோடு கலக்கச் சொன்னான். எங்கள் குடும்பம் செய்ததிலேயே சிறந்த ஒயின் அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் எக்தோர் அதில் ஒரு புட்டி திறப்பான்.

"குடி, ஒடீல். இதுல உன் பங்கும் இருக்கு."

குடித்தேன். நல்ல ஒயின். அதில் பொய் சொல்லக் கூடாது.

எக்தோரைக் கொன்றுவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் செத்துப்போனால் அவனுக்கு என்ன நஷ்டம்? அவன் யார்மீதும் உயிரை வைக்கவில்லை. மனைவி பிறந்த ஊரான துலூஸுக்கே திரும்பிப் போனபோது, பார்வைக்கு நன்றாக இருந்த ஒரு நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போனதைப் போலத்தான் பேசினான். அவள் விட்டுப்போன கைக்குழந்தை ஃப்ளோரியனை அவனுக்குப் பிடிக்கவே இல்லை. "அழுமூஞ்சி, உங்கிட்டயே வெச்சுக்க," என்று என்னிடம் கொடுத்தான்.

வளர்த்தேன். பாசமாகத்தான் வளர்த்தேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எக்தோரின் நடை, எக்தோரின் சிரிப்பு, எக்தோருக்குப் பிடித்த வேட்டைக் கதைகள் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்து வந்தவை. விருந்துகளில் எக்தோர் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். "அப்பா கோபமா இருந்தாலும் நீ போய்ப் பேசு, அவருக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" என்பேன். எக்தோர் இளக ரொம்ப காலம் ஆயிற்று. போன வருஷம் ஒரு நாள், புதிய ஒயினை முதலில் மகனிடம் நீட்டிவிட்டு, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த அறுவடையில் தொட்டிகளின் பொறுப்பை ஃப்ளோரியனிடம் ஒப்படைத்தேன். காற்றை அளக்கும் கருவியை அதற்கு முன்பே பழுதுபார்க்க அனுப்பியிருந்தேன். அன்று வேலையாட்களைச் சீக்கிரமே சாப்பிட அனுப்பினேன். வாத்துக் கறி சமைத்திருந்தது. அவர்களில் யாராவது பதறிப்போய் உள்ளே குதித்துவிடக் கூடாது. வெளியாட்களுக்குக் கெடுதல் நினைக்கிறவள் இல்லை நான்.

எக்தோரைக் கூப்பிட்டு, "உன் பையன் பொறுப்பேத்துக்கிட்டு இறங்கற முதல் தொட்டி, வந்து பாரு," என்றேன். நல்ல கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

ஃப்ளோரியன் வேலை தெரிந்தவன். கருவி இல்லையென்றதும் பழைய வழக்கப்படி ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்தான், ஏற்றி உள்ளே இறக்கி அணைகிறதா என்று பார்க்க.

"அதெல்லாம் வேண்டாம்டா. காலையிலேருந்து விசிறி ஓடிச்சு. இப்பத்தான் நிறுத்தினேன்."

"நீ சொன்னா சரிதான் அத்தை." ஏணியில் கால் வைத்தபடியே அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "சட்டையெல்லாம் கறையானா அத்தைதான் துவைக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

அன்று காலையில் விசிறி ஓடவில்லை.

கீழே போய் இரண்டு மூன்று தடவை சக்கையை வாரினான். பிறகு கவைக்கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்தான். நடந்து களைத்தவன் நிழலில் உட்காருவதைப் போல இருந்தது. எக்தோர் சிரித்தான். "என்னடா, அதுக்குள்ளயா?"

பதில் வராமல் போனதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணியை நோக்கிப் பாய்ந்தான். பின்னாலிருந்து அவன் இடுப்பை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பீப்பாய் உருட்டிப் பழகிய கைகள். என் மணிக்கட்டைக் கடித்தான். இந்தக் கட்டு எதற்கென்று வந்தவுடன் கேட்டீர்களே, அதற்குத்தான்.

"விடு ஒடீல். விசிறியப் போடு. விடு."

விசிறியின் பொத்தான் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு கையும் அவனைப் பிடித்திருந்தன.

வந்த தீயணைப்பு அதிகாரி என் தோளைத் தட்டி, "நீங்க பிடிக்கலன்னா ரெண்டு பிணம் விழுந்திருக்கும். தம்பி உயிரைக் காப்பாத்திட்டீங்க," என்றார். உண்மைதான். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று என்னைப்போல யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

கல்லறையில் எக்தோர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "ஏன் ஒடீல் என்னைப் பிடிச்ச? என்னையும் விட்டிருக்கலாமே."

சுற்றி ஆட்கள் நின்றதால் நான் பதில் சொல்லவில்லை. பிள்ளையின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்துவிடப் போகிறீர்கள் என்று நேற்றுத்தான் வக்கீல் சொன்னார். அப்படி முடித்தால் எக்தோர் இதை விதி என்று நினைத்துக்கொள்வான். விதியோடு ஒருவன் சமாதானமாகிவிட முடியும். அதனால்தான் நானே வந்தேன். இதை அவனுக்கு முழுவதும் படித்துக் காட்டுங்கள். லண்டன்காரர்கள் வந்த நாளில் அவன் நிறுத்திய விசிறியையும் விடாமல் படியுங்கள். தாங்குவான். அவன் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பா தொண்ணூறு தாண்டி வாழ்ந்தவர்.

ஃப்ளோரியன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நியாயம் தெரிந்த பிள்ளை. இப்போது இருந்திருந்தால் என் பக்கம்தான் பேசியிருப்பான்.