பச்சையம்மாவின் நோவைப் பொய்யென்று ஒப்பாத டாக்டர் ஹில்டா அம்மையார்க்கு

நலிந்தோர் சொல்லை நம்பிச் செவிசாய்த்த நல்லவரே! அதிகாரத்துக்கு அஞ்சி அடிபணியாத அம்மையீர்! இராயபுரத்து ஏழை மகளிரின் இன்னுயிர் காத்த எங்கள் மருத்துவ மாமணியே!

வாழ்த்த வந்த எங்கள் வாயில் இன்று வாழ்த்தைவிட வெகுளியே முந்துகிறது. ஓய்வுக்குரிய வயது வருமுன்பே நிர்வாகத்தார் தங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காரணத்தை அவர்கள் சொல்லமாட்டார்கள்; நாங்கள் சொல்கிறோம்.

துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் பச்சையம்மா, சென்ற ஆடி மாதம், கூடை தூக்க மாட்டாமல் தளர்ந்து நம் மருத்துவமனைக்கு வந்தாள். தலைமை மருத்துவர் நாடி பார்த்தார். "சுரமே இல்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள். தேறிவிட்டாள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்றார்.

"சொரம் இல்லாங்காட்டி நோவு இல்லியாம்மா? உள்ள இன்னாவோ அரிச்சிகினே கீது. பொய் சொல்லிகினு நான் எங்கம்மா போவேன்?" என்று அவள் தங்கள் கையைப் பற்றி அழுதாள்.

தாங்கள் அவள் இரத்தத்தை, உறையாதபடி மருந்து கலந்து, கண்ணாடிக் குழாயில் நிறுத்தினீர்கள். உடலுக்குள் எங்கேனும் அழற்சி மூண்டால், எதிர்த்து நிற்கும் உடல் சில புரதங்களை மிகுதியாக உண்டாக்கும் என்பதும், அவற்றுள் ஃபைப்ரினோஜன் பெருகினால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைந்து அடியில் படியும் என்பதும் தாங்கள் எங்களுக்குக் கற்பித்த பாடம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே செந்நிறம் சரசரவென இறங்கி, மேலே மஞ்சள் நீர் தெளிந்தது.

"குழாய் ஜோசியம்!" என்று நகைத்தார் தலைமை மருத்துவர்.

"ஜோசியம் இல்லை, டாக்டர். நோவு எங்கே என்று இது சொல்லாது. நோவு உண்டு என்று சொல்லும். எங்கே என்று தேடுவது நம்ம வேலை. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றீர்கள்.

தேடினீர்கள். கல்லீரலில் சீழ்க்கட்டி! அறுவை மருத்துவர் சீழை வெளியேற்ற, பச்சையம்மா பிழைத்தாள். தங்களுக்கு நன்றி வந்ததா? கீழ்ப்படியாதவர் என்னும் பழியன்றோ வந்தது! நோயைப் பொய்யென்றவர் நாற்காலியில் நீடிக்க, நோயைக் கண்டவர் வெளியேறுவதா? அன்று வாய்மூடி நின்றோம் என்று எவரும் எண்ணவேண்டா. எழுதிய முறையீடுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. ஆகவே இன்று அவையறியப் படிக்கிறோம். முன்வரிசையில் இருப்போரும் கேட்கட்டும்!

இம்மடலைத் தம் கையால் வழங்க நிர்வாகத்தார் முன்வந்தார்கள், நாங்கள் இசையவில்லை. வாயிற்காவலர் தடுத்து நிறுத்திய பச்சையம்மாவை நாங்களே உள்ளே அழைத்து வந்திருக்கிறோம். அவள் கையால் பெற்றுக்கொள்ளுங்கள், அம்மையீர்! நோயணுகா உடலும் நிமிர்ந்த தலையுமாய் நெடுங்காலம் எங்களிடையே நடமாடுங்கள்!

இங்ஙனம்,
தங்களை அனுப்ப மனமில்லாத
செவிலியர், கம்பவுண்டர்கள், வார்டு ஊழியர்கள்,
இராயபுரம், 1934