வெற்றுப் பெயர் கொடுத்ததற்கு வீடு முழுவதும்

ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப்போவது இந்த மேடையில் அமர்ந்திருக்கும் நாம் ஏழு பேர்தான்.

பெருமைக்குரிய தலைவர் அவர்களே, நம் கணினி மொழியை வடிவமைத்த பெரியோர்களே, அதை நம்பிப் பிழைக்கும் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம். மொழியின் ஐந்தாம் ஆண்டு விழாவில் வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்து வாயில் வரவில்லை.

கடைசி வரிசையில் ஓர் அக்கா அமர்ந்திருக்கிறார். மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் கணினி பார்ப்பவர். நோயாளி எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்து, 'படங்கள்' என்ற கோப்புறையின் பெயரோடு சேர்த்து, அந்தப் பாதையில் இருக்கும் பழைய படங்களை அழிக்க நம் மொழியில் ஒரு நிரல் எழுதினார். பட்டியலில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. 'படங்கள்' என்பதோடு வெறுமையைச் சேர்த்தால் என்ன வரும்? 'படங்கள்'தான் வரும். நம் மொழி கேட்கவில்லை, கிசுகிசுக்கவும் இல்லை. பதினோரு வருடப் படங்களையும் துடைத்துப்போட்டது.

என்ன தம்பி, நகல் இல்லையா என்கிறீர்களா? இருந்தது. நகல் எடுப்பதும் நம் மொழிதான். காலியான கோப்புறையைப் பணிவோடு நகலெடுத்து, பழைய நகலின் மேலேயே வைத்தது!

விசாரணையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அக்காவைக் கேட்டார்: "வரியை வெறுமையா விட்டது நீங்கதானேம்மா?"

அக்கா சொன்னார்: "கதவு நம்பர் எழுதலன்னா போஸ்ட்மேன் லெட்டரைத் திருப்பி அனுப்புவாரு சார். தெருவையே கொளுத்துவாரா?"

இந்த அறிவு நமக்கு ஏன் இல்லை? மொழியை வடிவமைத்தபோது, கோப்புறைப் பெயர்களுக்கு நடுவே வரும் சாய்கோடு வலப்பக்கம் சாயட்டுமா, இடப்பக்கம் சாயட்டுமா என்று மூன்று நாள் முட்டி மோதினோம். மூன்றாம் நாள் மாலை, சோதனைப் பிரிவுப் பெண் ஒருவர் எழுந்தார். பெயர் வெறுமையாக வந்தால் அழிக்காமல் நிறுத்திவிடலாமே என்றார்.

தலைவர் சிரித்தார். "பேரை வெறுமையா யாரும்மா குடுக்கப்போறாங்க? புத்தி இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

கை தூக்காதவர் சம்மதித்தவர் என்பது நம் குழுவின் வழக்கம். கையில் டீ இருந்தது, நானும் தூக்கவில்லை. 'நிறுத்தத் தேவையில்லை, ஏழு பேரும் ஏகமனதாக' என்று குறிப்பேட்டில் ஏறியது. வல்லுநர்களாம்! வகுத்தவர்களாம்! வழி என்று சொல்லி வாய்க்காலில் தள்ளிவிட்டவர்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு அக்காவின் வேலை இருக்குமா, போகுமா என்று தீர்ப்பு. அவருக்கு வேண்டியது நம் அனுதாபம் இல்லை. ஒரு கடிதம். 'பிழை எங்கள் மொழியின் அமைப்பில் இருக்கிறது' என்று ஒரே வரி, கீழே தலைவரின் கையெழுத்து.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டவர்களுக்கு நன்றி. அக்கா, உங்களுக்குத் தனி வணக்கம்.

தலைவர் அவர்களே, கடிதம் இதோ, பேனாவும் இதோ. இன்று உங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டே கையெழுத்தைப் போடுங்கள், நிற்கிறேன்.

தலைவர் அவர்களே?