இடக்கையில் உருகிய காலியம்

கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வேதியியலைக் கரைத்துக் குடித்த பேராசிரியப் பெருமக்களே, பெரியோர்களே, பெற்ற மக்களின் ஆய்வகம் காண வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கண்ணயரத் தொடங்கிவிட்ட மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவர்க்கும் என் அன்பு வணக்கம்.

மேடை எனக்குப் பழையது, வேதியியல்தான் புதியது. இங்கே அதைக் கற்பிக்கும் ஆசிரியை என் மனைவி. "நீங்க பேசுறதுல முக்கால்வாசி காத்துங்க" என்பது என்னைப் பற்றி அவள் கண்டறிந்த உண்மை.

கார்பன் குடும்பத்தைப் பாருங்கள். வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான். வைரமும் பென்சில் முனைக் கிராஃபைட்டும் அங்கே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மணலில் இருக்கும் சிலிக்கானும் அந்த வீடுதான். பக்கத்து வீடு போரான் வீடு. அங்கே மூன்றே எலக்ட்ரான். மூத்தவன் போரான் உருக இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அடுத்தவன் அலுமினியம், அறுநூறைத் தாண்டினால்தான் அசைவான். மூன்றாம் பிள்ளை காலியம் என்னும் உலோகத்துக்கோ உலையும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம். உள்ளங்கைச் சூடு போதும். என்ன சிரிப்பு அங்கே? வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்ததா என்கிறீர்களா? ஆமாம் ஐயா, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி சொல்லிக்கொடுத்தாள்.

சென்ற ஆண்டு பக்கவாதத்தில் அவளுக்கு இடக்கை விழுந்துவிட்டது. பயிற்சி செய்தால் மீட்கலாம் என்றார் மருத்துவர். அவளோ தொடவே விடவில்லை.

"இது என் கையே இல்லங்க. செத்துப்போனதுக்கு எதுக்குப் பயிற்சி?"

கெஞ்சினேன், கொஞ்சினேன், மன்றங்களை எழுப்பிய நாவால் மன்றாடினேன். மசிந்தாளா? மசியவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்: "லேப்ல காலியம் இருக்கு, கொண்டு வரச் சொல்லுங்க. இந்தக் கையில உருகினா பயிற்சி செய்யறேன். உருகலைன்னா அப்புறம் என்னை வற்புறுத்தக் கூடாது."

ஆய்வக உதவியாளரம்மா கொண்டுவந்தார். குளிரூட்டிய அறை. மொச்சைக்கொட்டை அளவு துண்டை அந்த உள்ளங்கையில் வைத்தோம். கல்லாகவே கிடந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை, அவள் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன்.

"எடுங்க. சோதனையில கள்ளாட்டம் கூடாது."

எடுத்தேன். பிறகு, என் தாய்மார்களே, அதன் ஓரம் மெல்லப் பளபளத்தது. நடுவே குழைந்தது. துண்டு துளியாகி, அவள் கைரேகைமேல் உருண்டது. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"சூடு இருக்குங்க. என் கைதான்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள்தான், "அழுதது போதும், பயிற்சி தர்ற பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள்.

இன்று முதல் வரிசையில் அமர்ந்து, சுருக்கமாகப் பேசும்படி முறைக்கிறாள். அந்தக் கையில் இப்போது இரண்டு விரல்கள் மடங்குகின்றன. உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. பயிற்சியில் சோர்ந்த நாளெல்லாம், சூடு இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாள்.

வாய்ப்பளித்த முதல்வர்க்கும், பொறுமை காத்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். போகும்போது அவளுக்குக் கைகொடுப்பவர்கள் அந்த இடக்கையையே பிடியுங்கள். சூடாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னால் மேடைப்பேச்சு என்கிறாள். வணக்கம்.