கடைசி வாரச் சரக்கு

விடுமுறை என்றால் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கு மட்டும் கவலை. வெளிநாட்டு ஆலையிலிருந்து, குளிக்க வெந்நீர் தரும் கேஸ் கீசர் வரவழைப்பது இருபத்திரண்டு வருடமாக என் வேலை, ஐயா. அங்கே வருடத்துக்கு ஒருமுறை ஆலையையே பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். காகிதத்தில் பத்து நாள்; உண்மையில் நாற்பது நாள்.

பூட்டுவதற்கு முந்தைய வாரம்தான் மோசம். பாதிப் பேர் ரயிலேறியிருப்பார்கள். மிச்சப் பேருக்குக் கை இங்கே, மனசு வீட்டில். சோதிக்கிறவர் பார்க்காமலே முத்திரை குத்துவார். அதனால் மூன்று மாதம் முன்பே ஆர்டர் அனுப்பிவிடுவேன். அந்த வாரத் தேதியுள்ள பெட்டி எதையும் நான் வாங்கியதில்லை.

முதலாளியின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. முதல் கூட்டத்திலேயே கேட்டார்.

“என்ன சார், சகுனம் பாத்தா சரக்கு வாங்குறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், அதுதான் சுருக்கென்று தைத்தது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பட்டால்தான் தெரியும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருட ஆர்டரை ஒன்பது நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். ஆயிரத்து இருநூறு கீசரும் கடைசி வாரத்தில் செய்யப்பட்டு வந்தன. தேதியை மாப்பிள்ளையிடம் காட்டினேன். “இறக்குங்க சார்” என்று கையெழுத்துப் போட்டார். நாலு பெட்டி பழுதாகித் திரும்பி வந்தால் போதும், என் பேச்சுக்கு மரியாதை வந்துவிடும். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட வரவில்லை.

“எங்க சார் உங்க கடைசி வாரப் பேய்? லீவுல போயிடுச்சா?” என்றார் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து எனக்கு 'பேய் சார்' என்று பெயர்.

மாப்பிள்ளையின் மனைவி சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் போன் செய்தாள்.

“மாமா, வீட்டு கீசர் வீணாப் போச்சு. நீங்களே பாத்து ஒண்ணு அனுப்புங்க. அவர்கிட்ட சொன்னா அடுத்த வருஷம்தான் வரும்.”

நானே பார்த்து அனுப்பினேன். நாலாம் நாள் காலை கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறைக் கதவை உடைக்க நானும் கைகொடுத்தேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீசரில் சுடர் அணைந்திருந்தது. அணைந்ததும் கேஸை நிறுத்த வேண்டிய வால்வு திறந்தே கிடந்தது. அவள் சுவரோரமாக, தூங்குகிறவள் மாதிரி சாய்ந்திருந்தாள்.

நான் வெந்நீரில் குளிப்பதை விட்டுவிட்டேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனால் குழாய் மூடியே இருக்கும். கதவுக்குப் பின்னாலிருந்து “மாமா, வெளியில நீங்களா?” என்று கேட்பாள். குரலில் கொஞ்சம்கூடக் கோபமிருக்காது. அதைத்தான் தாங்க முடியவில்லை, ஐயா.

“அங்க யாருமில்லீங்க. சோறு ஆறுது, வாங்க” என்பாள் என் மனைவி.

இப்போது ஆபீஸில் யாரும் கடைசி வாரச் சரக்கைத் தொடுவதில்லை. மாப்பிள்ளையே தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இதனால் இனி எத்தனை குடும்பம் உயிர் பிழைக்கும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தப்பு ஆலைக்காரர்களுடையது. அவசரத்தில் அள்ளித் தெளித்த வேலை.

பெட்டியை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்கள். அவள் போன் செய்த மத்தியானமே கிடங்குக்குப் போனேன். நல்லதாகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று கிடங்குக்காரரிடம் சொன்னேன். ஒவ்வொரு கீசராக மாட்டி, சுடரை ஊதி அணைத்து, கேஸ் நிற்கிறதா என்று பார்த்தேன். முதல் பதிமூன்றிலும் ஒழுங்காக நின்றது. சலித்துப்போய்க் கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பதினான்காவதில் என் சொல் பலித்தது. அதைத்தான் அவளுக்கு அனுப்பினேன்.