ஏத்திப் போட்ட மருந்து

– அதத்தான் கேக்கறேன், சங்கவி. காலைல மருந்தோட அளவ ஏத்திப் போட்டதுக்கு அப்புறம் உங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?

– நல்லா இருக்காரு மேடம். விழுப்புரத்துலேர்ந்து பஸ்ல ஜன்னலோரமா உக்காந்துக்கினு வேடிக்க பாத்துக்கினே வந்தாரு. திண்டிவனத்துல எறங்கினதும் மல்லாட்டை வாங்கி, கடலைய உரிச்சி எனக்கும் குடுத்தாரு. இது வேணும் அது வேணும்னு எட்டு மாசமா எதையும் கேக்காத மனுஷன்.

– தலைசுத்தல், வாந்தி?

– ஒண்ணும் இல்ல. பக்கத்துத் தெரு நர்சம்மா வந்து பிரஷர் பாத்துட்டுப் போச்சி. கொஞ்சம் கூடத்தான் இருக்குதாம், பயப்படற மாதிரி இல்லியாம்.

– எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. மருந்து ஏறறப்ப பிரஷர் எகிறினத நீங்க பாக்கல. பாதியிலயே நிறுத்திடலாமான்னு பாத்தேன்.

– நிறுத்தல இல்ல, அது போதும். மொத தடவ கொறச்சிப் போட்டீங்க. ரெண்டு நாளு மனுஷனா இருந்தாரு, வச்ச கேப்பைக் கூழ மிச்சம் வைக்காம குடிச்சாரு, பாப்பாவ மடியில வச்சிக்கினாரு. மூணாம் நாளு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினாரு. அடுத்த தடவயும் அதே கததான்.

– கொறச்சித்தான் ஆரம்பிக்கணும்மா. அவரு இதயம் எவ்வளவு தாங்கும்னு தெரியாம அள்ளி ஊத்த முடியுமா?

– நீங்க இதயத்தப் பாத்தீங்க மேடம். நான், எங்க குதிச்சிடுவாரோன்னு கெணத்தப் பாத்துக்கினு இருந்தேன். அவரு கொல்லைப் பக்கம் போனாக்கூட பின்னாலயே போவேன். குளிக்கப் போனா கதவாண்ட நின்னு தண்ணி ஊத்தற சத்தம் வருதான்னு கேட்டுக்கினு இருப்பேன். பேஜாரு புடிச்ச பொழப்பு.

– தெரியும். அதனாலதான் நீங்க கெஞ்சினப்ப ஏத்தினேன். இது சட்டுனு தூக்கி விடற மருந்து. மனசு மொதல்ல எழுந்துரும், கண்ணும் கையும் மெதுவாத்தான் வரும். எதிர்ல வர்றது கிட்டவா தூரமான்னு புரியாது. ஆனா அவருக்குத் தான் தெளிவா இருக்கற மாதிரியே தோணும்.

– தெளிவாத்தான் இருக்காரு மேடம். எங்க நாத்தனாரு வீரம்மா வந்து, 'என்னாடா தாண்டவராயா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சிரிச்சிக்கினு இருக்கற'ன்னு கிண்டல் பண்ணிட்டுப் போச்சி.

– சந்தோஷம். ஃபோன அவர்கிட்ட குடுங்க, ரெண்டு வார்த்தை பேசறேன்.

– அவரு வீட்ல இல்லீங்களே.

– எங்க போனாரு?

– பிரம்மதேசம் கோயிலுக்கு. அவரே கேட்டாரு மேடம், 'வண்டிச் சாவி எங்க வச்ச'ன்னு. தூசி புடிச்சிக் கெடந்த பைக்க அவரு கையாலயே தொடச்சாரு.

– சங்கவி, ராத்திரி தூங்கி காலைல எழுந்திரிக்கற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாதுன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேனே.

– சொன்னீங்க. வாயத் தொறந்து இப்பதான் ஒண்ணு கேக்கறாரு. இல்லன்னு சொல்லி, மறுபடியும் பேச்சு நின்னு போச்சின்னா நான் எங்க போவேன்?

– லாரி ஓடற ரோடும்மா அது. தனியாவா போனாரு?

– தனியா வுடுவேனா மேடம்? தனியா மட்டும் வுட்டுடாதீங்கன்னு நீங்கதான அத்தினி தடவ சொன்னீங்க. பாப்பாவ டேங்க் மேல முன்னாடி உக்கார வச்சி அனுப்பியிருக்கேன்.